உயர்ரகக் கேமராவும் புதிதாகக் கற்பவரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒளிப்படக்கலையைக் கற்க விரும்பும் வாசகர் ஒருவர், தம் கைக்கு வந்திருக்கும் உயர்ரகக் கேமராவைக் கொண்டே தொடங்கலாமா என்று கேட்டிருந்ததற்கு, அதை எடுத்து வைத்துவிட்டு முதலில் எளிய கேமரா ஒன்றில் பழகுமாறு தங்கள் நாளிதழில் பதில் தரப்பட்டிருந்தது. நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டதுதான். ஆயினும், புதியவர்களுக்குப் பல ஆண்டுகளாக இக்கலையைச் சொல்லிக்கொடுத்து வருபவள் என்ற முறையில், அந்த அறிவுரை கற்க வருபவரைத் தேவையின்றித் தயங்க வைக்கிறது என்று கருதுகிறேன்.

கேமரா எதுவாயினும், படத்தின் வெளிச்சத்தைத் தீர்மானிப்பவை லென்ஸின் திறப்பான அப்பர்ச்சர், ஒளி உள்ளே விழும் நேரமான ஷட்டர் வேகம், ஒளிக்கான உணர்திறனான ஐஎஸ்ஓ ஆகிய மூன்றுதான். எளிய கேமராக்களில் இவற்றை மாற்றப் பெரும்பாலும் மெனுவுக்குள் போக வேண்டியிருக்கும். உயர்ரகக் கேமராவிலோ பெருவிரலுக்கு ஒன்று, ஆள்காட்டி விரலுக்கு ஒன்று எனத் தனித்தனி டயல்கள் உண்டு. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவாக இருந்தால், டயலைத் திருப்பும்போதே, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் காட்சி வெளுப்பதையும் இருள்வதையும் காணலாம். செய்ததன் விளைவு அந்தக் கணமே கண்ணில் படுவதைவிடக் கற்பவருக்கு வேறென்ன வேண்டும்? நூற்றுக்கணக்கான அமைப்புகள் கொண்ட மெனுவைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஒரு முறை அமைத்துவிட்டு மறந்துவிடக் கூடியவை.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. உயர்ரகக் கேமராவை வாங்கியவர் முதல் நாளிலிருந்தே எம் என்ற முழுக் கைமுறை நிலையில்தான் எடுக்க வேண்டும், தானியங்கி நிலையைத் தொடுவது இழுக்கு என்றொரு எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அப்படிப் பழகுபவர் என்ன செய்கிறார் என்று அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வியூஃபைண்டரின் ஓரத்தில் தெரியும் ஒளி அளவுகோலின் குறி சுழியத்துக்கு வரும்வரை டயலைத் திருப்புகிறார். வந்ததும் பொத்தானை அழுத்துகிறார். சுழியம் எது என்று முடிவு செய்தது கேமரா. தானியங்கி நிலை நொடிப்பொழுதில் எட்டியிருக்கும் அதே இடத்துக்கு அவர் பாடுபட்டுத் தாமதமாக வந்து சேர்கிறார், அதற்குள் எதிரே நின்ற குழந்தை ஓடிவிடுகிறது.

கற்க வேண்டியது அந்தச் சுழியம் எப்போது தவறாகும் என்பதைத்தான். எதிரே இருப்பது ஏறக்குறைய நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டே கேமராவின் ஒளி அளவி கணக்கிடுகிறது. ஆகவே வெள்ளைச் சுவரின் முன் வெள்ளை உடையில் நிற்கும் பெண்ணை எடுத்தால், உடையும் சுவரும் அழுக்கேறியதுபோல் மங்கிவிடுகின்றன. கறுப்பு நாயை அருகில் சென்று எடுத்தால், அதன் மினுமினுப்பு போய் வெளிறிய சாம்பலாகிறது. சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்திருப்பவரின் முகமோ இருட்டில் முழுகிவிடுகிறது. இன்றைய கேமராக்கள் காட்சியைப் பகுதி பகுதியாக ஆராய்ந்து இந்தப் பிழையைப் பெருமளவு குறைத்தாலும், அடியோடு நீக்கிவிடவில்லை. கூட்டல், கழித்தல் குறி போட்ட எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் ஒளியின் அளவு) திருத்தப் பொத்தான் இதற்காகவே இருக்கிறது. வெள்ளை உடைக்கு ஒரு படி கூட்ட வேண்டும், அதாவது ஒளியை இரு மடங்காக்க வேண்டும்; கறுப்பு நாய்க்கு ஒரு படி குறைக்க வேண்டும், அதாவது பாதியாக்க வேண்டும். வெண்மை மிகுந்த காட்சிக்கு வெளிச்சத்தைக் கூட்டுவது முதலில் முரணாகத் தோன்றும். ஏன் என்று புரிந்துவிட்டால் கண் ஒளியை எடைபோடத் தொடங்கிவிடும். எம் நிலையில் பல மாதங்கள் உழன்றும் பிடிபடாத இந்த அறிவு, இந்த ஒரு பொத்தானில் சில நாள்களில் கைகூடுவதைப் பலரிடம் கண்டிருக்கிறேன்.

ஆதலால் அந்த வாசகருக்கு நான் சொல்ல விரும்புவது இது. நிலையைத் தேர்ந்தெடுக்கும் டயலை ஏ அல்லது ஏவி என்ற அப்பர்ச்சர் முன்னுரிமை நிலையில் வையுங்கள்; அதில் அப்பர்ச்சரை நீங்கள் தேர்ந்தெடுக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஐஎஸ்ஓவைத் தானியங்கிக்கு விட்டு, ஷட்டர் வேகம் நொடியில் 125-இல் ஒரு பங்குக்குக் கீழே இறங்காதபடி அமைத்துவிடுங்கள். உயர்ரகக் கேமராக்களில் பெரும்பாலும் இந்த வசதி இருக்கும். இனி உங்கள் பொறுப்பு அப்பர்ச்சர் ஒன்றே. 2, 2.8, 4, 5.6, 8, 11 என்று போகும் எண்களில் ஒவ்வொரு படிக்கும் உள்ளே வரும் ஒளி பாதியாகிறது, தெளிவாகத் தெரியும் ஆழம் கூடுகிறது. ஒரே பொருளை ஒரே இடத்திலிருந்து எல்லா எண்களிலும் எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். இது கைவந்த பிறகே ஷட்டர் வேகத்துக்குச் செல்லலாம். எம் நிலைக்கும் வேளை வரும்: மேடை விளக்கில் நிற்பவரின் பின்னணி மாறிக்கொண்டே இருக்கும்போதும், இரவு வானத்தை எடுக்கும்போதும் அதன் அருமை தெரியும்.

உயர்ரகக் கேமரா புதியவரிடம் கூடுதலாக எதிர்பார்ப்பவை சில உண்டு. அவற்றை மறைக்க விரும்பவில்லை. ஃபுல் ஃபிரேம் (35 மில்லிமீட்டர் ஃபிலிம் கட்டத்தின் அளவுள்ள உணரி கொண்ட) கேமராவில் 85 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள லென்ஸைப் பொருத்தி, அப்பர்ச்சரை 1.4-க்குத் திறந்து, ஒரு மீட்டர் தொலைவிலிருந்து முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஒரு சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கும். முகம் சற்றே திரும்பியிருந்தால் அருகிலுள்ள கண்ணின் இமைமயிர் ஒவ்வொன்றும் எண்ணும்படி இருக்க, மறு கண் தெளிவின்றி மங்கியிருக்கும். லென்ஸ் பழுது என்று எண்ணிக் கடைக்குப் போனவர்கள் உண்டு. அப்பர்ச்சரை 4-க்குக் கொண்டுவந்தால் போதும். அதேபோல், 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு நொடியில் 50-இல் ஒரு பங்கு போதும் என்ற பழைய விதி ஃபிலிம் காலத்தது. 45 மெகாபிக்சல் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது சிறு கை நடுக்கமும் தெரிந்துவிடும். நடுக்கத்தைக் குறைக்கும் வசதி இல்லாத கேமரா என்றால் அந்த வேகத்தை இரு மடங்காக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. எடை இன்னொன்று. தூக்கிச் செல்லச் சலித்து வீட்டிலேயே விடப்படும் கேமரா எதையும் கற்பிக்காது.

உணரி பதிந்ததை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு தேவையா என்ற விவாதத்தில் புதியவர் நேரத்தைச் செலவிடத் தேவையில்லை. ராவும், கேமராவே பக்குவப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக்கும் சேர்ந்து பதியும்படி அமைத்துவிடலாம். 14 பிட் ரா கோப்பு ஒவ்வொரு வண்ணத்திலும் 16,384 படிநிலைகளைக் குறிக்க வல்லது. ஜேபெக்கில் அவை 256 மட்டுமே. இன்று ஜேபெக்கைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, திருத்தப் பழகிய பிறகு பழைய ரா கோப்புகளுக்குத் திரும்பி வரலாம்.

தானியங்கி வசதியைப் பற்றிய இழிவெண்ணத்துக்கு வரலாற்றிலும் இடமில்லை. 1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கொண்டுவந்த கோடக் கேமரா 100 படங்களுக்கான சுருளோடு விற்கப்பட்டது. எடுத்து முடித்ததும் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும்; படங்களும் புதுச் சுருள் இட்ட கேமராவும் திரும்பி வரும். பொத்தானை அழுத்துவது மட்டும் உங்கள் வேலை என்பதே அதன் விளம்பரம். ஒளிப்படத்தை நிபுணர்களின் கூடத்திலிருந்து வெளியே கொண்டுவந்து எல்லோர் கையிலும் சேர்த்தது அந்த எளிமைதான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. இன்றைய கேமராக்கள் ஒவ்வொரு படத்துடனும் அப்பர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, லென்ஸின் குவியத் தொலைவு ஆகியவற்றைத் தாமே பதிவு செய்துகொள்கின்றன. வாசகர்கள் அனுப்பும் படங்களைத் தாங்கள் வெளியிடும்போது, பெயருக்குக் கீழே இந்த விவரங்களையும், எக்ஸ்போஷர் திருத்தம் செய்யப்பட்டிருந்தால் அது எவ்வளவு என்பதையும் ஒரே வரியில் அச்சிட வேண்டுகிறேன். படம் அனுப்புவோரிடம் எடுத்தபடியே உள்ள கோப்பைக் கேட்டுப் பெற்றால், யாரும் தனியாக எழுதி அனுப்ப வேண்டிய தேவையும் இராது.

இப்படிக்கு,
ஒளிப்படக்கலை பயிற்றுநர் ஒருவர்