கோவிலில்தான் ஆள் இல்லை

ஆசிரியருக்கு,

இங்கிலாந்து தன் கிறிஸ்தவப் பாரம்பரியத்தை விட்டு விலகுகிறதா என்று கேட்ட கட்டுரையைப் படித்தேன். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 46.2 சதவீதம் பேர்தான். அதற்குப் பத்து ஆண்டுக்கு முன் 59.3. மன்னர்தான் இன்றும் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர்; நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் 26 பிஷப்புகளுக்கு இடம் உண்டு. சட்டத்தில் எல்லாம் அப்படியே இருக்கிறது, கோவிலில்தான் ஆள் இல்லை.

போன வருடம் யார்க்‌ஷயரில் மகள் வீட்டுக்குப் போனபோது ஞாயிறு ஆராதனைக்குப் போனோம். 200 பேர் உட்காரும் கோவிலில் எங்களையும் சேர்த்து 11 பேர். முழங்கால் போடும் மெத்தைகளில் தூசி. நெல்லைப் பக்கத்து இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல் கட்டிய கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவள் நான். அந்த ஊழியத்துக்குக் காசு வந்தது இப்படிப்பட்ட ஊர்களின் காணிக்கைப் பையிலிருந்துதான். மனசு கனத்துவிட்டது.

ஆனால் வாசலில் ஏழைகளுக்கான உணவுப் பெட்டி நிறைந்திருந்தது. கோவிலுக்கே வராத அக்கம்பக்கத்தார்தான் அதை நிரப்புகிறார்கள் என்றார் அங்கிருந்த ஓர் அம்மா. இதையும் அந்தப் பாரம்பரியத்தில் சேர்க்கத்தான் வேண்டும்.

குடியேறி வந்தவர்களால்தான் எல்லாம் போகிறது என்று சிலர் சொல்வதை மட்டும் ஏற்கவே மாட்டேன். அந்த 11 பேரில் நாங்கள் மூவர், நைஜீரியக் குடும்பம் ஒன்றில் நால்வர். அன்றைக்குப் பாட்டைத் தாங்கிப் பிடித்தது அந்தக் குடும்பத்தின் குரல்தான்.

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை