காரிமங்கலம், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி

தருமபுரி,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. போனிலேயே பேசலாமே, எதற்கு இத்தனை பக்கம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய், எனக்கும் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதி, உன் அம்மாவிடம் காட்டி, அவள் அடித்தது போக மிச்சத்தை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். கையெழுத்து புரியாவிட்டால் பெரிசு பண்ணிப் பார்த்துக்கொள். ஓடுகிற பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக டிக்கெட் கிழித்த கை, உட்கார்ந்து எழுதினாலும் ஆடத்தான் செய்யும்.

வியாழக்கிழமை ராத்திரி நீ பெங்களூரிலிருந்து பேசும்போது பின்னால் என் பேரன், நம் பொடியன், விசும்புகிற சத்தம் கேட்டது. மணி ஒன்பதரை இருக்கும். ரெண்டு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள், மூணு வரியோடு நிற்கிறான், இங்கிலீஷில் சின்ன 'பி' (b) போடச் சொன்னால் சின்ன 'டி' (d) போடுகிறான், வீட்டில் இங்கிலீஷிலேயே பேசுங்கள் என்று மிஸ் வேறு சொல்கிறார் என்றெல்லாம் சொன்னாய். கடைசியில் குரல் இறங்கி, "அடிச்சிட்டேன்ப்பா" என்றாய். அப்புறம் நீயும் அழுதாய்.

உன்னைத் திட்ட நான் இதை எழுதவில்லை. அந்த யோக்கியதை எனக்குக் கிடையாது. ஏன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது.

1998. உனக்கு அஞ்சு வயசு. சனிக்கிழமை ஆனால் பென்னாகரம் வண்டியில் உன்னையும் ஏற்றிக்கொள்வேன். முன்பக்கம் ஜன்னலோர சீட்டு உனக்கு. இண்டூர் வருவதற்குள் வழியில் உள்ள போர்டையெல்லாம் எழுத்துக் கூட்டிக் கத்துவாய். டீக்கடை போர்டு, உரக்கடை போர்டு, கல்யாண மண்டபம், சுவரில் எழுதிய கட்சி விளம்பரம், எதையும் விடமாட்டாய். ஒரு போர்டில் 'தர்மபுரி', இன்னொன்றில் 'தருமபுரி' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "எதுப்பா நம்ம ஊரு?" என்று கேட்டாய். டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எழுத்து உனக்குப் புத்தகத்தில் வரவில்லை, ஜன்னல் வழியாக வந்தது.

அதைக் கெடுத்ததும் நான்தான். அப்போதெல்லாம் எனக்கு நைட் ஹால்ட் அதிகம். வீட்டுக்கு வருவதே மூணு நாளைக்கு ஒரு தரம். வந்த அன்றைக்கு, மூணு நாள் பாடத்தையும் ஒரே மூச்சில் உனக்கு ஏற்றிவிட வேண்டும் என்று உட்காருவேன், வசூலை டிப்போவில் எண்ணிக் கட்டுகிற மாதிரி. அப்படி ஒரு நாள் நீ சிலேட்டில் 'மரம்' என்பதற்கு 'மறம்' என்று எழுதினாய். மூணு தரம் சொன்னேன், மூணு தரமும் அதையே எழுதினாய். தலையில் குட்டிவிட்டேன். தூக்கமில்லாத கண், பசி, டிப்போவில் அன்றைக்கு ஒரு மெமோ, எல்லாம் சேர்ந்து உன் தலையில் இறங்கியது.

நீ பெரிதாக அழக்கூட இல்லை. அடுத்த சனிக்கிழமை வண்டியில் ஏறி அதே சீட்டில் உட்கார்ந்தாய். இண்டூர் வந்தது, பென்னாகரம் வந்தது, நீ வாயைத் திறக்கவில்லை. போர்டைப் பார்ப்பாய், உதடு லேசாக அசையும், உடனே என்னைத் திரும்பிப் பார்த்து மூடிக்கொள்வாய். ஒரு மாதத்துக்குமேல் அப்படியே இருந்தாய். நான் சில்லறை எண்ணுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

உன்னை மீட்டது உன் ஆயா. என் அம்மாவுக்கு ஐம்பது வயது வரைக்கும் கைநாட்டுதான். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் வந்தபோது மாரியம்மன் கோயில் திண்ணையில் அரிக்கேன் விளக்கு வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் போய் எழுதப் படிக்கப் பழகி, ரேஷன் கடையில் மை டப்பாவைத் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்டவள் அவள். அவளுக்குப் படிக்கத் தெரியும், ஆனால் உன்னிடம் தெரியாத மாதிரி நடித்தாள். புளி உடைக்கும்போது ரேஷன் கார்டை எடுத்து வைத்துக்கொண்டு, "கண்ணு சரியா தெரியல சாமி, இது என்ன எழுத்து பாரு" என்பாள். நீ சொன்னால், "அப்படியா? நான் வேறன்னு நினைச்சேனே" என்பாள். நீ புளியங்கொட்டையை வரிசையாக வைத்து அந்த எழுத்தைத் தரையில் போட்டுக் காட்டுவாய். அவளுக்கு நீ டீச்சர். டீச்சரை யார் குட்டுவார்கள்? ஒரு மாதத்தில் உன் குரல் வண்டியில் திரும்ப வந்துவிட்டது.

இப்போது உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "கதை போதும், விஷயத்தை எழுதுங்க" என்கிறாள். அங்கன்வாடியில் ரெண்டு வயசிலிருந்து அஞ்சு வயசு வரைக்கும் ஆயிரம் பிள்ளையைப் பார்த்தவள். அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

நாலு வயசுப் பிள்ளையை ரெண்டு பக்கம் எழுதச் சொல்வது தப்பு. மணிக்கட்டில் எட்டு சின்ன எலும்பு உண்டு. பிறக்கும்போது அதெல்லாம் வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக எலும்பாகி எட்டும் தேற பத்து, பன்னிரண்டு வயசாகும். அவன் பென்சிலை முஷ்டியில் பிடிப்பது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. கைக்கு முதலில் வேறு வேலை வேண்டும். சப்பாத்தி மாவு உருட்டட்டும், வேர்க்கடலை உடைக்கட்டும், துணி கிளிப் மாட்டட்டும், கோலப்புள்ளி வைக்கட்டும். இந்த விரல்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போகிறது.

'பி', 'டி' மாறுவதும் அப்படித்தான். டம்ளரை இந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கம் திருப்பினாலும் டம்ளர்தான். செருப்பும் அப்படி, நாய்க்குட்டியும் அப்படி. உலகத்தில் எழுத்து ஒன்றுதான் திருப்பிப் போட்டால் பேர் மாறுகிற சாமான். அது மண்டையில் ஏற ஆறு, ஏழு வயசு வரைக்கும்கூட ஆகலாம். இதற்குப் போய் அடித்தாயே என்று உன் அம்மா சொல்கிறாள். (என்னை அப்போது இவ்வளவுகூட சொல்லவில்லை. ரெண்டு நாள் சோறு மட்டும் போட்டாள், பேசவில்லை.)

எதிர் வீட்டுப் பிள்ளை இங்கே அரசுப் பள்ளியில் ரெண்டாவது படிக்கிறது. 2022ல் ஆரம்பித்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூணு நிலை வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு எவ்வளவு தெரியுமோ அதற்குத் தக்க நிலை. அது இன்னும் அரும்புதானாம். "நான் அரும்பு தாத்தா" என்று சந்தோஷமாகச் சொல்கிறது. நம் பொடியன் ஸ்கூலில் அரும்புக்கு இடமில்லை போலிருக்கிறது, விதை போட்ட மறுநாளே பூக்கேட்கிறார்கள். நீ ஒரு நாள் நேரில் போய், பயப்படாமல் மிஸ்ஸிடம் சொல்: "வீட்டில் அரைப் பக்கம்தான் எழுத வைப்பேன், அழுதால் நிறுத்திவிடுவேன்." அவருக்கும் மேலே ஒருத்தர் இருப்பார், அந்த அம்மா பேரில் கோபப்பட வேண்டாம்.

இங்கிலீஷ் விஷயத்தில் மட்டும் நான் சொல்கிறேன். எனக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் வரும். ஓசூர் வண்டியில் ஏறுகிற ஜனத்தோடு பேசியே வந்தது. தருமபுரி ஜில்லாக்காரனுக்கு இது அதிசயமே இல்லை. ஆனால் முதலில் ஒன்று ஆழமாக இறங்கியிருந்தது, அதன்மேல்தான் மற்றது ஏறியது. உனக்குக் கோபம் வந்தால் தமிழ், கொஞ்சினால் தமிழ், கனவிலே உளறினால் தமிழ். அவனிடம் அளந்து அளந்து இங்கிலீஷ் பேசினால் ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம்தான் பேசுவாய். "கம் ஹியர், ஈட் ஃபாஸ்ட், டோன்ட் டூ" என்பதற்குமேல் போகுமா? தமிழில் பேசினால் ஆயா வீட்டுப் பூனை தயிர்ப்பானையை உருட்டியது வரைக்கும் சொல்லுவாய். அவனுக்கு வேண்டியது அந்தப் பேச்சு. நிறையக் கேட்ட பிள்ளைதான் எழுத்துக் கூட்டும்போது, இது நமக்குத் தெரிந்த வார்த்தையாச்சே என்று பிடித்துக்கொள்ளும். இங்கிலீஷ் ஸ்கூலில் வரட்டும், கன்னடம் கீழ்வீட்டுப் பிள்ளைகளிடம் வரட்டும். அவனுக்கு நீங்கள் ரெண்டு பேர் மட்டும்தான் அங்கே தமிழ்.

இப்போது உன்னைப் பற்றி. காலையில் எட்டு மணிக்குக் கிளம்பி, அந்த ரோட்டில் நெரிசலில் நின்று, ஏழரைக்கு வந்து, சமைத்து, ஒன்பது மணிக்கு நோட்டைத் திறக்கிறாய். அந்த நேரத்தில் நல்ல மனுஷிக்கும் கை ஓங்கும். எட்டு மணிக்குமேல் வீட்டில் நோட்டு கிடையாது என்று வைத்துக்கொள். மூணு நாலு வயசுப் பிள்ளைக்குப் பத்திலிருந்து பதிமூணு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. செல்போன், டிவி எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குமேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்பதும் அதே 2019 அறிக்கைதான். உன் அம்மா பயிற்சித் தாளிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சோறு ஊட்டும்போது செல்லைக் கையில் கொடுக்கிறாய், எனக்குத் தெரியும். உடனே நிறுத்து என்று சொல்லமாட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் முதலில் நிறுத்திப் பார்.

மாப்பிள்ளையிடம் நேரில் சொல்ல எனக்குக் கூச்சம். நீயே சொல். படுக்க வைக்கிற வேலையை அவர் எடுத்துக்கொள்ளட்டும். வாரத்தில் நாலு நாள் போதும். பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரு படப் புத்தகம், பத்து நிமிஷம். நான் செய்யாமல் விட்டது அது. மூணு நாளுக்கு ஒரு தரம் வந்து வாத்தியார் ஆனேனே ஒழிய, ஒரு ராத்திரிகூட உன் பக்கத்தில் படுத்துக் கதை சொன்னதில்லை. புத்தகத்துக்கு அலைய வேண்டாம். உங்கள் பெங்களூரிலேயே பிரதம் புக்ஸ் இருக்கிறது, அவர்களுடைய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே புத்தகத்தை அவன் முப்பது நாளும் கேட்டால் முப்பது நாளும் படிக்கச் சொல். சலிப்பு நமக்குத்தான், அவனுக்கு இல்லை.

மிச்ச நாள் என்னுடையது. ராத்திரி எட்டேகால் மணிக்கு நான் போன் செய்கிறேன். வீடியோ வேண்டாம், ஸ்பீக்கரில் போட்டு அவன் தலைமாட்டில் வைத்துவிட்டு நீங்கள் ரெண்டு பேரும் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். போன வாரம் அதியமான் நெல்லிக்கனிக் கதை சொன்னேன். சாவே வராத கனி, ராஜா தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்துவிட்டான் என்றேன். பொடியன் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தான். "ஏன் தாத்தா, ஆளுக்குப் பாதி தின்னிருக்கலாமே?" என்றான். தகடூரை, அதான் நம் பழைய தருமபுரியை, ஆண்டவனுக்கு இந்த யோசனை ஏன் தோன்றவில்லை என்று நானும் மூணு நாளாக யோசிக்கிறேன். 'பி', 'டி' தெரியாத பிள்ளை கேட்ட கேள்வி இது. கொஞ்சம் யோசித்துப் பார்.

இன்னொரு விளையாட்டும் ஆரம்பித்திருக்கிறோம். நான் கண்டக்டர், அவன் டிரைவர். வண்டி தருமபுரியில் கிளம்பும். நான் ஊர்ப் பேர் சொல்லுவேன், முதல் எழுத்து என்ன சத்தம் என்று அவன் சொன்னால்தான் வண்டி நகரும். காரிமங்கலம், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, குருபரப்பள்ளி. முப்பது வருஷம் அந்த ரோட்டில் விசில் ஊதினேன், கா, கா, கி, கு என்று வரிசையாக நிற்பது ஒரு நாளும் காதில் விழுந்ததில்லை. அவன்தான் சொன்னான், "எல்லாம் காக்கா மாதிரி கத்துது தாத்தா" என்று. அடுத்து சூளகிரி வந்து கெடுத்துவிட்டது. "இந்த ஊர் வேற கட்சி" என்றான். எழுத்தே பார்க்காமல் சத்தத்தைப் பிரிக்கிறானே, இதுவும் படிப்புதான் என்று உன் அம்மா சொல்கிறாள்.

வியாழக்கிழமை நடந்ததற்கு அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. "அம்மா அடிச்சது தப்பு, எனக்குக் களைப்பா இருந்துச்சு" என்று சொன்னால் போதும், பெரிய விளக்கம் வேண்டாம். நான் உன்னிடம் அதைச் சொல்லவே இல்லை. இருபத்தெட்டு வருஷம் ஆகப்போகிறது. இந்தக் கடிதத்தின் பாதி அதற்காகத்தான்.

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். அம்மா ராகி மாவும் புது புளியும் கட்டி வைத்திருக்கிறாள். புளியங்கொட்டை தனியாக ஒரு பை, அது பொடியனுக்கு. சில்க் போர்டு ஸ்டாப்பில் இறங்கி நானே ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன், மாப்பிள்ளை லீவு போட வேண்டாம். என் பழைய விசிலைத் தேடி எடுத்துக் கழுவி வைத்துவிட்டேன். அதை மட்டும் அவனிடம் முன்கூட்டிச் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா