பாட்டை வரி பிரித்து அச்சிடுங்கள்: ஓபரா அரங்குகளுக்கு ஒரு திறந்த மடல்

இத்தாலிய ஓபராக்களை மேடையேற்றும் அரங்குகளின் நிர்வாகிகளுக்கும், அங்கே கையேடும் திரைவரியும் தயாரிப்பவர்களுக்கும்,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் ஓர் அரங்கில் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்தியின் 'ரிகொலெத்தோ' ஓபரா பார்த்தேன். மூன்றாம் அங்கத்தில் மாந்துவா கோமகன் 'லா தொன்னா எ மோபிலே' என்று எடுத்தார். மேலே திரையில், பெண் காற்றில் ஆடும் இறகு மாதிரி என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அதன்பின் பாதி நேரம் திரை காலி. சரி, கையேட்டிலாவது பார்ப்போம் என்று புரட்டினால், மூலப் பாடல் முழுவதும் செய்தித்தாள் பத்தி போல ஒட்டி அச்சாகியிருந்தது. எனக்கு மனசே ஆறவில்லை. அது உரைநடை இல்லை, செய்யுள். அந்த மெட்டே அந்தச் செய்யுளின் எலும்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

இந்த ஓபராவின் கவிஞர் பியாவே எழுதிய அந்த நான்கு வரிகளைக் கொஞ்சம் தாளம் தட்டிச் சொல்லிப் பாருங்கள்:

லா தொன்னா எ மோபிலே
குவால் பியூமா அல் வென்தோ
மூதா தச்சென்தோ
எ தி பென்சியேரோ

இது 'குயினாரியோ', அதாவது ஐந்தசை வரி. நம் யாப்பு குறில் நெடில் பார்க்கும்; இத்தாலியர்கள் அசையை எண்ணி, கடைசி அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்ப்பார்கள். இங்கே அது நான்காவது அசையில் விழ வேண்டும். அதற்குப் பின்னால் ஓர் அசை வந்தாலும், இரண்டு வந்தாலும், ஒன்றுமே வராவிட்டாலும் அது ஐந்தசை வரிதான். 'தொன்னா'வின் கடைசி உயிரும் அடுத்து வரும் 'எ'யும் சேர்ந்து ஒரே அசை. நாமாக இருந்தால் நடுவில் ஒரு யகரத்தையோ வகரத்தையோ போட்டு இணைப்போம். அவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் கரைத்துவிடுகிறார்கள். அப்புறம் மோ, வென், சென், சியே: நான்கு வரியிலும் நான்காவது அசை. வெர்தி என்ன செய்தார்? மூன்று எட்டுத் தாளத்தில், அதாவது கட்டத்துக்கு மூன்று அடி வரும் தாளத்தில், முதல் மூன்று அசைகளுக்கு ஒரு கட்டத்தைக் கொடுத்து, நான்காவதை அடுத்த கட்டத்தின் முதல் அடியில் வைத்தார். தெருவில் போகிறவர்கூட ஒருமுறை கேட்டுவிட்டு முணுமுணுப்பதற்கு இந்த ஒழுங்கு ஒரு பெரிய காரணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதலில் 'மோபிலே', 'பென்சியேரோ' என்று முழுசாகப் பாடுகிறவர், அதே வரி பல்லவியாகத் திரும்பும்போது 'மோபில்', 'பென்சியேர்' என்று கடைசி உயிரை வெட்டிவிடுகிறார். 'பென்சியேர்' வால் இல்லாமல் அழுத்தத்திலேயே முடிவதால் குரலும் அங்கேயே நிற்க முடிகிறது. ஒட்டி அச்சிட்ட பத்தியில் இது யார் கண்ணுக்குப் படும்?

1842-இல் மிலானில் அரங்கேறிய வெர்தியின் 'நபுக்கோ' ஓபராவில் வரும் 'வா பென்சியேரோ' கூட்டுப்பாடல் பத்தசை வரி. அழுத்தம் மூன்று, ஆறு, ஒன்பதில்: வா பென்-சியே-ரோ சுல்-லா-லி தோ-ரா-தே. அடுத்த ஆண்டு 'இ லொம்பார்தி'யிலும், அதற்கடுத்த ஆண்டு 'எர்னானி'யிலும் வெர்தி எழுதிய புகழ்பெற்ற கூட்டுப்பாடல்கள் இதே யாப்புதான். மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் அந்த நடை காலில் ஏறிக்கொள்ளும்.

வெர்திக்குப் பின் வந்த இசையமைப்பாளர் புச்சினி காலத்தில் பல சமயம் மெட்டு முதலில் வந்தது. 'லா போஎம்' ஓபராவில் முசெத்தாவின் பாட்டுக்கு மெட்டைத் தயாராக வைத்துக்கொண்டு, கவிஞருக்குப் புச்சினி அனுப்பிய வாய்பாடு 'கொகொரிகோ, கொகொரிகோ, பிஸ்தெக்கா'. சேவல் கூவுவதும் மாட்டிறைச்சித் துண்டும்! அதன் மேல் வந்து உட்கார்ந்த வரி 'குவாந்தோ மென் வோ, குவாந்தோ மென் வோ சொலெத்தா'. அசைக்கு அசை பொருந்துகிறது. தத்தகாரம் கேட்டுப் பாட்டெழுதும் நம் சினிமாக் கவிஞர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நான் கேட்பது புதிய செலவு ஒன்றும் இல்லை. வெர்தி காலத்து ரசிகர்கள் லிப்ரெத்தோவை, அதாவது ஓபராவின் பாடல் வரிகள் அச்சான சிறு புத்தகத்தை, காசு கொடுத்து வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்கள். அதில் வரிகள் வரிகளாகவே இருந்தன. ஏழசையும் பதினோரசையும் கலந்து நீளம் மாறி மாறி வந்தால் அது வசனப் பாட்டு. சமநீள வரிகள் அடுக்காக வரத் தொடங்கினால் பெரும்பாலும் அங்கே பாடல் பிறக்கிறது. இசை தொடங்கும் முன்பே கண் அதைப் பார்த்துவிடும். இசையமைப்பாளர் விட்டுவிட்ட வரிகளைக்கூட மேற்கோள் குறி போட்டு அச்சிட்டார்கள். கவிஞருக்கு அவ்வளவு மரியாதை இருந்தது.

ஆகவே, கையேட்டில் மூலத்தை வரி உடையாமல் அச்சிடுங்கள், மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வையுங்கள். இருக்கையின் முதுகில் சிறு திரை வைத்திருக்கும் அரங்குகள், மொழித் தேர்வில் இத்தாலிய மூலத்தையும் சேர்க்கலாம். இணையத்தில் ஒளிபரப்பும்போதும் அப்படியே. கடைசியாக ஒன்று: கவிஞரின் பெயரை இசையமைப்பாளர் பெயருக்குக் கீழே எறும்பு எழுத்தில் போடாதீர்கள். பியாவே, சொலேரா, இல்லிகா, ஜியாகோசா என்று படிக்கும்படி போடுங்கள்.

அடுத்த பருவத்துக் கையேடு அச்சுக்குப் போகும் முன் இதைப் பரிசீலிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
மேல்மாடி வரிசையில் உட்கார்ந்து கேட்கும் ஒரு ரசிகை