விலை பேசாதே, மாப்ளே

கொல்கத்தா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டாக்டர் வேண்டாமென்று சொன்ன சீரியலையெல்லாம் பார்க்கிறாள். தங்கச்சியையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்.  

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவுக்கு ஒரு ஜோடி தபேலா வாங்கி அனுப்பச் சொன்னாய். விலை விசாரித்துச் சொன்னேன். உடனே உன் பதில்: “ஆன்லைனில் இதில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, கொஞ்சம் பேசிப் பாரேன்.” வேறு யாராவது கேட்டிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். நீ மிருதங்கம் வாசிக்கிறவன். அதன் இடப்பக்கத் தோலான தொப்பிக்குப் பூச ஹாஸ்டல் மெஸ்ஸில் ரவையைத் திருடி வார்டனிடம் அகப்பட்டவன். நீயே இப்படிக் கேட்டால் எப்படியடா? போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

லால்பஜார் பக்கம், ரவீந்திர சரணியில் வாத்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய ஆட்கள் இன்னும் சித்பூர் ரோடு என்றுதான் சொல்வார்கள். கண்ணாடிக் கதவு போட்ட கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் போனால், தபேலா செய்கிற தாதாவின் பட்டறை. இங்கே ‘தாதா’ என்றால் அண்ணன். மாடிப்படிக்குக் கீழே இரண்டு பேர் உட்கார இடம், அவ்வளவுதான். ஆபீஸ் விட்டு வரும் வழியில் அங்கே போய் உட்காருவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

கட்டையை அவர் கடைவதில்லை, கடைந்ததை வாங்குகிறார். உத்தரப் பிரதேசத்தில் அம்ரோஹா என்று ஓர் ஊர், டோலக்குக்குப் பேர் போனது. 2023-ல் அந்த டோலக்குக்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அந்த மாதிரி ஊர்களில் இதெல்லாம் கடைசல் பட்டறை வேலை. நல்ல தபேலா என்றால் சீஷம் மரம், நம் ஈட்டி மரத்துக்குச் சொந்தம். உன் மிருதங்கத்தின் பலாக்கட்டை மாதிரி இரண்டு பக்கமும் குடைய மாட்டார்கள். ஒரு பக்கம்தான் வாய், அடி மூடியிருக்கும், உள்ளே பாதி ஆழத்துக்குத்தான் குடைவு. கனம் வேண்டும் என்பதற்காக அப்படி. சரியாகக் காயாத மரத்தில் செய்தால் ஒரு கோடைகூடத் தாங்காது, வெடித்துவிடும். ஆன்லைனில் பாதி விலைக்கு வருவதில் பல இந்த ரகம்தான்.

தோல் வேலை உனக்குப் பழகியது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்டுத்தோல் இரண்டு அடுக்கு. மேல் அடுக்கை நடுவில் வெட்டி எடுத்து, ஓரத்தில் மட்டும் வளையமாக விடுவார்கள். சுற்றிலும் தோல் பின்னல். அதிலிருந்து எருமைத்தோல் வார். வாருக்கு அடியில் எட்டு மரக்குண்டுகள். சுத்தியலால் கீழே தட்டினால் சுருதி ஏறும், மேலே தட்டினால் இறங்கும்.

நான் எழுத வந்தது தோலின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தைப் பற்றி. உன் மிருதங்கத்தில் வலக்கை வாசிக்கும் தோலான வலந்தலையிலும் சோறும் கிட்டக்கல் பொடியும் இருக்கிறது. ஆனால் அது ஏறுவதை நாம் உட்கார்ந்து பார்த்ததே கிடையாது. மிருதங்கம் பட்டறைக்குப் போய், கறுப்போடு திரும்பி வரும், வாசிக்க ஆரம்பித்துவிடுவாய்.

தாதா முதலில் தோலின் நடுவில் வெறும் பசையை மெல்லப் பூசி இறுகவிடுகிறார். அப்புறம் கறுப்பு மாவு. இரும்புத்தூளும் புகைக்கரியும் பசையில் போட்டுப் பிசைந்தது. கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலால் வட்டமாக இழுத்துவிட்டு, ஈரம் லேசாக வாடியதும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு வழவழப்பான கருங்கல்லை எடுத்துத் தேய்க்கத் தொடங்குகிறார். பார்க்கிறவர்களுக்கு மெருகு போடுவது போலத் தெரியும். உண்மையில் அவர் அதை உடைக்கிறார் மாப்ளே! கல்லின் அழுத்தத்தில் கறுப்பு முழுவதும் மயிரிழை மயிரிழையாக விரிசல் விடுகிறது. அந்த விரிசல் இல்லாமல் ஒரே பாளமாக இறுகிவிட்டால் தோல் அசையாது, நாதம் அடைத்துப்போகும். அளவுக்கு மீறி விரிந்தால் பொருக்குப் பொருக்காக உதிரும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தத் தெரிய வேண்டும்.

எப்படி நிறுத்துகிறார் தெரியுமா? காதால். ஈரத்தில் கல் சத்தமே இல்லாமல் வழுக்கும். கொஞ்ச நேரத்தில் கரகரவென்று கேட்கும். கரகரப்பு ஒரே சீராக வந்ததும் கல்லைக் கீழே வைத்து, ஆள்காட்டி விரலால் ஓரத்தில் ‘நா’ என்று ஒன்று தட்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். அடுத்த பூச்சுக்கு எவ்வளவு மாவு என்பது அப்போதுதான் முடிவாகும். ஒவ்வொரு பூச்சும் முந்தையதைவிடச் சின்ன வட்டம். அதனால் நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் வரும். கனம் கூடிவிட்டால் சுருதி இறங்கிவிடும், சுரண்டி எடுக்க வேண்டியதுதான். மழைக்காலத்தில் இந்த ஊர்க் காற்றில் பூச்சு காயவே காயாது. ஒரு வலந்தலைக்கு நாள் கணக்கில் போராடுவார்.

ஜோடியில் இடக்கை வாசிக்கிற பாயானில் கறுப்பு நடுவில் இருக்காது, ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். மணிக்கட்டால் அழுத்தி வழுக்கிச் சுரத்தை வளைக்க இடம் வேண்டுமே. பஞ்சாப் கரானா என்ற வாசிப்புப் பரம்பரைக்காரர்கள் போன நூற்றாண்டில்கூட இடக்கையில் கோதுமை மாவைப் பிசைந்து அப்பி வாசித்திருக்கிறார்கள். உன் ரவைக்கு அவ்வளவு தூரத்தில் சொந்தக்காரன் இருக்கிறான் பார்!

நம் திருச்சிக்காரர் சி.வி. ராமன் இதையெல்லாம் இதே பேட்டையில்தான் யோசித்திருக்கிறார். 1907-ல் நிதித் துறை அதிகாரியாக இங்கே வந்து, வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் 210, பௌபஜார் தெருவில் இருந்த ஆராய்ச்சிக் கழகத்தில் கிடந்தார். பௌபஜார் தெரு லால்பஜாரில் வந்து முடிகிறது, தாதாவின் சந்துக்கு நடந்தே போய்விடலாம். 1920-ல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் நம் தோல் வாத்தியங்களைப் பற்றி எழுதினார். பெங்களூர் போன பிறகு 1934-ல் இன்னும் விரிவாக எழுதினார். சாரம் இதுதான்: நடுவில் கனம் ஏற்றாத வெறும் தோலைத் தட்டினால், அடிப்படைச் சுரத்துக்கு 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று ஒன்றோடொன்று சேராத சுரங்கள் கிளம்பும். கறுப்பு சரியாக ஏறிய தோலில் முதல் ஒன்பது வகை அதிர்வுகளும் 1, 2, 3, 4, 5 என்று ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன, வீணைத் தந்தியில் வருவது போல. பாட்டோடு சுருதி சேர்ந்து நிற்கிற தோல் வாத்தியம் நமக்குக் கிடைத்தது அப்படித்தான். தோலின் மேல் மணலைத் தூவி அது கோலமாகக் கூடுவதைப் பார்த்து அவர் நிரூபித்ததை, தாதா ஒரு ‘நா’விலேயே கேட்டுவிடுகிறார். நீ பேரம் பேசச் சொன்னது அந்தக் காதுக்கு.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. உன் வாத்தியார் வீட்டில் மிருதங்கம் பூஜை அறை வரைக்கும் போகும். அதற்குத் தோல் கட்டி வார் பிடித்த தாத்தா கொல்லைப்புறத்தோடு நிற்பார். அவருக்குத் தண்ணீர் தரத் தனிச் செம்பு. நாம் இரண்டு பேரும்தான் பார்த்தோம். இங்கேயும் தோல் தொட்டவர்களுக்கு நடந்தது அதேதான். வங்காளத்தில் இந்த வேலையில் இருக்கும் ரூயிதாஸ் சமூகத்தாரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். தபேலா மேதை ஜாகிர் உசேன் 2024 டிசம்பரில் மறைந்தபோது, தாதா அன்றைக்கு வந்த வேலையைத் தொடவே இல்லை என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். பாப்பாவுக்குத் தபேலா ஆசை வந்ததும் ஜாகிரின் வாசிப்பைப் பார்த்துத்தானே?

தாதாவின் மகன் சாப்பாடு டெலிவரிக்குப் பைக் ஓட்டுகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, மாதம் பிறந்தால் கையில் காசு வருகிறது. பட்டறையில் இருப்பது இந்த வங்காளத்து மால்டாப் பக்கத்துப் பையன் ஒருவன். பின்னல் அபாரமாகப் போடுவான். கறுப்பு இன்னும் கைக்கு வரவில்லை. அது வர வருஷக்கணக்காகும். அதுவரை அவன் கெடுக்கிற தோலுக்கும் அவன் சாப்பாட்டுக்கும் யார் பணம் கொடுப்பது? தாதாவின் வரும்படியில் அது முடியாது. அவரும் அவனைக் கல்லைத் தொடவிடாமல் தானே செய்து முடித்துவிடுகிறார். அவர் கை நின்றுபோனால் அந்தச் சந்தில் கறுப்பு போட ஆள் கிடையாது. இதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அதனால் ஒரு யோசனை. உங்கள் பள்ளியில் தபேலா வகுப்பு தொடங்கினீர்களே, பிள்ளைகள் சாதகம் செய்ய வலந்தலைகள் மாற்ற வேண்டியிருக்கும் அல்லவா? அவற்றை அந்தப் பையன் கையால் போடச் சொல்லி நாம் வாங்குவோம். தாதா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத் திருத்துவார். கச்சேரிக்கு ஆகாது, ஆனால் ‘தா தின்’ பழகுகிற பிள்ளைக்குத் தாராளமாகப் போதும். பையனுக்குக் கற்றுக்கொண்டே கூலி கிடைக்கும். தாதாவிடம் பேசிவிட்டேன், முதலில் முறைத்தார், பிறகு தோலுக்கு முன்பணம் கேட்டார். அதை நான் கொடுத்துவிட்டேன். நம் ஹாஸ்டல் கூட்டாளி பட்டாணியும் பம்பாயிலிருந்து கொஞ்சம் வலந்தலைகள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான், அவனை நம்பலாம், மெஸ் கணக்கில் மட்டும்தான் ஏமாற்றுவான்.

பாப்பாவின் ஜோடியைத் தாதாவே போடுகிறார். கேட்ட விலைக்குத்தான் வாங்கப் போகிறேன், உன் பங்கை அனுப்பு. மழை பிடிப்பதற்குள் அவர் தொடங்க வேண்டும். அதனால் இந்த வாரமே இரண்டு காரியம் செய். பாப்பா பாடும் சுருதி சி-யா, சி ஷார்ப்பா என்று அவள் டீச்சரிடம் கேள். பள்ளியில் இருக்கும் தபேலாக்களின் வாயை வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு டேப் வைத்து அளந்து, ஒவ்வொன்றாகத் தாளில் எழுதி அனுப்பு. அளவு கால் அங்குலம் தப்பினாலும் வலந்தலை உட்காராது. வந்த பிறகு உங்கள் ஊர் வார்க்காரரே ஏற்றிவிடுவார், அவருக்கும் பேரம் பேசாமல் கொடு.

உன்,
கல்கத்தாக்காரன்