லைன் வீடுகள் பெற்றோர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அக்காவுக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன ஜூனிலிருந்து இந்த மே வரை நடந்ததைச் சொல்கிறேன். மாதக் கூட்டம் எல்லா மாதமும் கூடவில்லை. தேயிலைக் கொழுந்து அதிகம் வந்த மாதங்களில் யாரையும் குறை சொல்ல முடியாது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டின் பெரிய வேலை, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கான மாலை அறைதான். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் பிள்ளைக் காப்பகத்தை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான் சொன்னது. ஏழு வயதுப் பிள்ளையை யார் பார்ப்பது? 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்ததில் காலைக் கவலை பாதி குறைந்தது. மாலைக் கவலை அப்படியே இருந்தது. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள், அம்மா கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும்வரை பூட்டிய வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். கோத்தகிரிப் பனியில் ஐந்து மணிக்கே எதிர்வீடு தெரியாது. காட்டெருமை வேறு.

அதனால் பழைய சாமான் அறையைச் சுத்தம் செய்து, பாய் விரித்து, வீட்டுப்பாடம் எழுத வைத்தோம். முதல் மாதம் நான் டீச்சர் மாதிரி அதட்டிக்கொண்டே இருந்தேன். பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். தப்பு என்னுடையதுதான். வந்தவுடன் கால்மணி நேரம் அவர்கள் பேசட்டும், டீயும் வர்க்கியும் சாப்பிடட்டும், நோட்டு அப்புறம் என்று மாற்றியபின் திரும்ப வந்தார்கள்.

ஒரு மூன்றாம் வகுப்புப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 31-இல் 4 போனால் 33 என்று எழுதுவான். ஒன்றில் நான்கு போகாது என்பதால் நான்கில் ஒன்றைக் கழித்துவிடுவான். கடன் வாங்கு, கடன் வாங்கு என்று நானும் தொண்டை வற்றச் சொன்னேன். ஒருநாள் அவன் அம்மா எடைச் சீட்டோடு வந்தாள். 31 கிலோ, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு 4. சீட்டை அவனிடம் கொடுத்தேன். வழக்கம்போல 33 போட்டான். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கழிச்சா கூடுற தோட்டம் எதுன்னு சொல்லுடா, நாளைக்கே அங்க வேலைக்குப் போயிடுறேன்" என்றாள். அவனே சிரித்துவிட்டான். பிறகு விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணி 27 என்றான். இப்போது லைனில் பாதிப் பேர் சீட்டை அவனிடம்தான் சரிபார்க்கிறார்கள். இரண்டு கிலோ ஈரம் என்று யார் பார்த்துச் சொன்னது என்று கேட்கவும் தொடங்கிவிட்டான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

கைபேசி பற்றிய கூட்டம் ஜனவரியில் நடந்தது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2019-இல் சொன்னதை வாசித்தேன். ஒரு பாட்டி எழுந்து, "ஃபோன் இல்லாம எம் பேத்திக்கு ஒரு வேளை சோறு ஊட்டிக் காட்டு, அப்புறம் பேசு" என்றார். மறுநாள் போனேன். முக்கால் மணி நேரம் ஆனது, பாதிச் சோறு என் சேலையில். ஆனால் கூரைமேல் குரங்கு வந்தபோது நாலு வாய் தானாக வாங்கினாள். குரங்கு தினமும் வராது என்பதால் பாட்டி இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. என் வீட்டிலும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாக்கள் அறைக்கு வருவது மிகக் குறைவு. பல்பு மாற்ற ஒருவர் வந்தார், நன்றி.

வியாழக்கிழமை பார்த்துக்கொள்ள இன்னும் ஆள் இல்லை. கதை சொல்லத் தெரிந்தால் போதும், படித்திருக்க வேண்டியதில்லை. கூரையில் மூன்றாவது தகரம் ஒழுகுகிறது, ஐப்பசி மழைக்கு முன் மாற்றியாக வேண்டும். வீட்டில் பழைய தகரம் கிடந்தால் சொல்லுங்கள். ஆணி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்