பாலூட்டும் தாய் போடலாமா என்பதை மருந்து அட்டையில் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். ஒற்றைத் தலைவலிக்கு விற்கப்படும் ஒவ்வொரு மாத்திரையின் அட்டையிலும், பாலூட்டும் தாய் அதைப் போடலாமா, கூடாதா என்பதை அவரவர் மொழியில் அச்சிடச் செய்ய வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

கர்ப்ப காலத்தில் அடங்கியிருந்த தலைவலி, பிரசவத்துக்குப் பின் பலருக்குத் திரும்புவதுபோல, மகள் பிறந்த ஆறாவது வாரத்தில் எனக்கும் திரும்பியது. வழக்கமாகப் போடும் சுமாட்ரிப்டான் என்ற ஒற்றைத் தலைவலி மாத்திரையைப் போடலாமா என்று மருத்துவர் ஒருவரிடம் கேட்டேன். போட்டால் இரண்டு நாள் பால் கொடுக்கக் கூடாது என்றார். வலி பொறுக்காமல் போட்டேன். அந்த இரண்டு நாளும் மார்பு கல்லாய்க் கட்டிக்கொண்டது. பாலாடையில் புகட்டிய மாவுப்பாலை நாக்கால் தள்ளிவிட்டு அழுத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா கூடத்தில் நடக்க, நான் அடுப்படித் தொட்டியருகே நின்று பாலைப் பீய்ச்சிக் கொட்டினேன்.

சுமாட்ரிப்டானை ஊசியாகப் போட்டாலும், இருவர் எடைக்கும் ஏற்பக் கணக்கிட்டால், தாய் போடும் அளவில் சுமார் 3.5 விழுக்காடே பால்வழி குழந்தைக்குச் சேரும் என்பதையும், இப்படிச் சேரும் அளவு 10 விழுக்காட்டுக்குக் குறைந்தால் பொதுவாக ஏற்கத்தக்கது என்பதையும், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2001-லேயே இதைப் பாலூட்டலுக்கு ஒத்துவரும் மருந்துகளில் சேர்த்திருந்தது என்பதையும் பிறகுதான் படித்தேன். தயாரிப்பாளரின் குறிப்பே, மருந்து போட்டபின் பால் கொடுக்க 12 மணி நேர இடைவெளியைத்தான் சொல்கிறது. கொட்டிய பாலை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இதைவிட அச்சமூட்டியது அடுத்த மாதம் நடந்தது. தலைவலி என்று சொன்னதும் மருந்துக் கடையில், கைக்குழந்தையோடு நின்ற என்னிடம் எதுவும் கேட்காமல், அட்டையிலிருந்து இரண்டு மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுத்தார்கள். செவிலியரான பக்கத்து வீட்டு அக்கா வாங்கிப் பார்த்து, அதில் எர்கோட்டமின் இருக்கிறது, போடாதே என்று தடுத்தார். பால்வழி குழந்தைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கக்கூடிய, பால்சுரப்பையும் குறைக்கக்கூடிய மருந்து அது. போடக்கூடியதைத் தடுத்தார்கள், போடக்கூடாததைக் கேள்வியின்றிக் கையில் கொடுத்தார்கள். அந்த அக்கா அன்று வீட்டில் இல்லாதிருந்தால் என் பிள்ளைக்கு யார் பொறுப்பு?

ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் வாரத்தில் தாய்ப்பாலின் பெருமையை எங்களுக்கு எடுத்துச் சொல்கிறீர்கள். ஆறு மாதம் வேறெதுவும் கொடுக்காதீர்கள் என்கிறீர்கள். நாங்களும் அதைத்தான் விரும்புகிறோம். ஆனால் தலை பிளக்கும் இரவில் பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் பாலூட்டும்போது போடத்தக்கவை என்ற எளிய செய்தியைக்கூட எங்களிடம் சொல்ல ஆளில்லை. வலியைப் பொறுத்துக்கொள்வதே தாய்மை என்று எங்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் 2015 முதல் மருந்துக் குறிப்பில் பாலூட்டலுக்கென்றே தனிப்பகுதி கட்டாயமாகியிருக்கிறது. இங்கும் 2023 ஆகஸ்ட் முதல் 300 மருந்துகளின் உறையில் கியூஆர் குறியீடு இருக்கிறது. தயாரிப்புத் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் சொல்லும் அந்தக் குறியீட்டிலேயே, பாலில் எவ்வளவு கலக்கும், எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்க்கலாம். ஆனாலும் கத்தரித்து வாங்கும் இரண்டு மாத்திரைகளோடு அந்தக் குறியீடு வீட்டுக்கு வராது. ஆகவே அட்டையின் பின்புறம் முழுக்க, எங்கே வெட்டினாலும் தெரியும்படி, 'பாலூட்டுவோர் போடலாம்' அல்லது 'பாலூட்டுவோர் போடக்கூடாது' என்ற ஒரு வரியையாவது அச்சிட ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஐந்து மாதப் பெண் குழந்தையின் தாய்,
திருச்சிராப்பள்ளி