இந்த நாள்களை எழுதி வை, சண்முகம்

ராயபுரம், சென்னை
25.06.2020

அன்புள்ள சண்முகம்,

இங்கு அனைவரும் நலம். நேற்று முதல் மதுரையிலும் முழு ஊரடங்கு என்று கேட்டதிலிருந்து உன் நினைவாகவே இருக்கிறது. சென்னையில் 19ஆம் தேதியே தொடங்கிவிட்டது. மளிகைக் கடையும் காய்கறிக் கடையும் பிற்பகல் 2 மணி வரைதான்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கொரோனா தொற்று உறுதியானதும் வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். முதலில் அந்தப் பக்கம் நடக்கவே எல்லோரும் அஞ்சினோம். பிறகு எதிர்வீட்டு அம்மாள் கீழே நின்று குரல் கொடுக்க, அவர்கள் மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கி, பால் பாக்கெட்டையும் மாத்திரையையும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. கோயம்பேடு சந்தை கடந்த மாதம் மூடப்பட்டுத் திருமழிசைக்குப் போனபின் எங்களுக்குத் தள்ளுவண்டிக்காரர்தான் கதி. அவர் ஒரு பிளாஸ்டிக் வாளியை நீட்டுவார். பணத்தை அதில் போட்டு, மீதியையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நோட்டுகளை மொட்டைமாடி வெயிலில் கல் வைத்துக் காயப்போடுகிறோம். காய்களுக்கு உப்பும் மஞ்சளும் கலந்த நீர்.

இவற்றையெல்லாம் தினமும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். 1918இல் பரவிய விஷக் காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமானோரைக் கொண்டுபோனது. என் தாத்தா அப்போது விவரம் தெரிந்த பிள்ளை. ஆனாலும் அந்த நாள்களில் வீட்டில் என்ன சமைத்தார்கள், யாரைத் தொட அஞ்சினார்கள், பிணத்தைத் தூக்க யார் வந்தார்கள் என்று ஒரு செய்தியும் எங்கள் தலைமுறைக்கு வந்து சேரவில்லை. தினசரி எண்ணிக்கையை அரசு பதிந்து வைக்கும். கூடை இறங்கியதை நாம்தான் எழுத வேண்டும்.

நீயும் எழுது. மே 4ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்ததை நேரலையில் பார்த்தபோது, தங்கச்சியும் வீட்டிலேயே தாலிக் கயிறு மாற்றிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அழகர் ஆற்றில் இறங்காத அன்று உன் தெருவில் என்ன பேசிக்கொண்டார்கள்? மண்டகப்படி வைக்கும் குடும்பங்கள் என்ன செய்தன? பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானதும் உன் பேத்தி என்ன சொன்னாள் என்பதையும், முடிந்தால் அவள் கையாலேயே எழுதச் சொல்.

தபால் தாமதமானால் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. நோட்டை மட்டும் பத்திரமாக வைத்திரு.

அன்புடன்,
கணேசன்